போலாம் ரைட்டும் கண்ட்ரோல் டவரும்

கோயம்புத்தூர் டவுன் பஸ்ஸில் போனவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பும். டிரைவருக்குப் பின்படிக்கட்டில் தொங்குகிற பையன் தெரியமாட்டான். கண்டக்டருக்கு எதிரே வருகிற லாரி தெரியாது. ஒருவர் கண்ணை இன்னொருவர் கடன் வாங்கித்தான் உக்கடத்திலிருந்து காந்திபுரம் வரை வண்டி ஓடுகிறது. இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த இரண்டு பேரும் ஒரே டிப்போவில் டீ குடிப்பவர்கள். "இன்னிக்கு டிரைவர் கொஞ்சம் கோபமா இருக்காரு" என்று கண்டக்டருக்குத் தெரியும். விசில் சத்தத்தை வைத்தே "ஏதோ பிரச்சினை" என்று டிரைவருக்குப் புரிந்துவிடும்.

இதே உறவு வானத்திலும் இருக்கிறது. ஓட்டுபவர் விமானி. விசில் கொடுப்பவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், அதாவது கண்ட்ரோலர். வித்தியாசம் என்னவென்றால் இந்த இரண்டு பேரும் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. பல வருடம் குரலை மட்டும் கேட்டுவிட்டு, முகம் தெரியாமலேயே ஓய்வு பெறுகிறவர்கள் உண்டு. பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் பார்த்துக்கொள்ளாமல் வேலை செய்கிறார்கள் என்றால் அந்த வண்டியில் ஏறுவோமா? விமானத்தில் மட்டும் சந்தோஷமாக ஏறுகிறோம்!

பெரிய ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு இது அவ்வளவு பெரிய குறை இல்லை. தினமும் நாலு ஊர்க் கோபுரங்களோடு பேசிப் பேசிப் பழகிவிடுகிறார்கள், பக்கத்தில் இன்னொரு விமானியும் இருக்கிறார். சிக்கல் சின்ன விமானம் ஓட்டுபவர்களுக்குத்தான். பிரைவேட் பைலட் என்றதும் சொந்தமாக ஜெட் வைத்திருக்கும் மில் முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்க 17 வயதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், மருத்துவத் தகுதியும், குறைந்தது 40 மணி நேரப் பறப்பும் இருந்தால் எழுத்துத் தேர்வுகளை எழுதி முடித்துவிடலாம். சம்பளத்துக்கு ஓட்டத்தான் இந்த லைசென்ஸ் உதவாது. கமர்ஷியல் லைசென்சுக்கு 200 மணி நேரம் வேண்டும், கூடவே பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும். (இந்த விதியைத் தளர்த்தி காமர்ஸ், ஆர்ட்ஸ் மாணவர்களையும் சேர்க்கலாம் என்று 2025ல் பேச்சு கிளம்பியபோது பி.காம் வகுப்புகளில் எத்தனை பேர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்களோ!)

இந்த 40 மணி நேரக்காரர் செஸ்னா 172 மாதிரி ஒரு விமானத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். எரிபொருள் பார்க்க வேண்டும், உயரம் பார்க்க வேண்டும், மேகம் பார்க்க வேண்டும். நடுவில் காதில் ஒரு குரல் வேகமாக நாலு எண்களைச் சொல்கிறது. அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னதைக் கண்ட்ரோலர் கவனித்துக் கேட்டு, தப்பு இருந்தால் திருத்த வேண்டும். அக்கவுண்டன்சி படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும், இரட்டைப் பதிவு முறையேதான். இந்தப் பக்கம் ஒரு டெபிட் விழுந்தால் அந்தப் பக்கம் ஒரு கிரெடிட் விழுந்தாக வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தவறு. லெட்ஜரில் தவறு வந்தால் ராத்திரி உட்கார்ந்து தேடலாம். வானத்தில் அந்த வசதி கிடையாது.

இந்த ரேடியோ பேச்சுக்குத் தனியாக ஒரு லைசென்ஸ் இருக்கிறது. பல காலம் அந்தத் தேர்வை நடத்தியது தொலைத்தொடர்புத் துறை. 2025 ஜனவரி 1ல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் அதிநியம் சட்டத்தின்படி அந்தப் பொறுப்பு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு, அதாவது டிஜிசிஏவுக்கு வந்துவிட்டது. இதில் வாய்மொழித் தேர்வும் உண்டு. மாணவர் இந்தப் பக்கம் விமானி, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தேர்வு அதிகாரிதான் கோபுரம். ஒரு வார்த்தை தப்பினால் ஃபெயில். ஆக, புது விமானி முதன்முதலில் சந்திக்கிற 'கோபுரம்' தன்னை ஃபெயிலாக்கக் காத்திருக்கும் ஒரு அதிகாரியின் முகம். பிறகு நிஜமாகவே வானத்தில் பேசும்போது அந்த முகம்தானே ஞாபகத்துக்கு வரும்? கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போனவர் மாதிரித்தான் பேசுவார்.

அதிகாரியைக் கண்டால் நம் ஊர்க்காரர்கள் பேசுகிற விதமே வேறு. கொங்குத் தமிழில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடியாது. "ஏனுங்க, கொஞ்சம் அவசரமுங்க, முடிஞ்சாப் பாருங்க" என்று சொன்னால் அதற்குள் வீட்டில் உயிர் போகிற விஷயம்கூட ஒளிந்திருக்கும். கேட்பவரும் இந்த மண்ணுக்காரராக இருந்தால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் ரேடியோவில் 'ங்க'வுக்கு இடம் இல்லை. சொல்ல வேண்டியதை உடைத்துச் சொல்லாவிட்டால் சொன்னதாகவே கணக்கில் வராது.

இது சும்மா பயமுறுத்தல் அல்ல. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன ஏவியாங்கா 52 என்ற போயிங் 707 விமானம், மோசமான வானிலையில் நெரிசல் காரணமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமிட வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. விமானிகளும் சொல்லத்தான் சொன்னார்கள். எப்படிச் சொன்னார்கள்? முன்னுரிமை வேண்டும் என்றார்கள், எரிபொருள் குறைகிறது என்றார்கள். 'எமர்ஜென்சி' என்ற ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. வரிசையில் காத்திருந்த எல்லோருக்குமே எரிபொருள் குறைந்துகொண்டுதான் இருந்தது என்பதால் கண்ட்ரோலர்களுக்கு இது தனியாகத் தெரியவில்லை. முதல் முறை இறங்க முடியாமல் மேலே ஏறிய விமானம், இரண்டாவது முறை சுற்றி வருவதற்குள் என்ஜின்கள் அணைந்து லாங் ஐலண்டில் ஒரு குன்றின் மேல் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல காசா பணமா?

சொல்லாததற்கு மொழி ஒரு காரணம், தயக்கம் ஒரு காரணம், சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாததும் ஒரு காரணம். கடைசிக் காரணத்துக்கு மருந்து புத்தகத்தில் இல்லை. கோபுரத்துக்கு மேலே ஏறிப் போய், "மேடே என்று ஒருவர் சொன்னவுடன் இங்கே என்ன நடக்கும்?" என்று கேட்டு, கண்ட்ரோலர் எந்த போனை எடுக்கிறார், தீயணைப்பு நிலையத்துக்கு எப்படிச் செய்தி போகிறது, மற்ற விமானங்களை எப்படி ஒதுக்குகிறார் என்று கண்ணால் பார்த்தவருக்கு அந்த வார்த்தை தொண்டையில் சிக்காது.

அமெரிக்காக்காரர்கள் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். அங்கே விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் எஃப்ஏஏ நிறுவனம் 'ஆபரேஷன் ரெயின்செக்' என்று ஒரு திட்டமே வைத்திருக்கிறது. சின்ன விமானம் ஓட்டுபவர்கள் குழுவாகக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு வரலாம். கண்ட்ரோலர்கள் தங்கள் வேலையை விளக்குவார்கள், பக்கத்தில் உட்கார வைத்துக் காதில் ஹெட்செட் மாட்டி நேரடியாகக் கேட்கவும் விடுவார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு இந்தக் கதவுகள் இறுகிப் போயின. பிறகு மறுபடியும் திறந்தன. அவ்வளவு பெரிய அடி வாங்கிய நாடே, பாதுகாப்பையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்யலாம் என்று முடிவு செய்தது என்பதை நம் ஊர் அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

சரி, கோவைக்கு வருவோம். பீளமேட்டில் 1940ல் தொடங்கிய விமான நிலையம் இது. அவினாசி ரோட்டில் சில கல்லூரிகளின் முகவரியில் இன்றைக்கும் 'சிவில் ஏரோட்ரோம் போஸ்ட்' என்று எழுதுகிறார்களே, அந்த ஏரோட்ரோம் இதுதான். 05/23 என்று பெயரிட்ட ஒரே ஒரு ஓடுபாதை. அதாவது ஒரு முனையில் திசைகாட்டி சுமார் 50 டிகிரியையும் மறுமுனையில் 230 டிகிரியையும் காட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் அம்மியே பறக்கும் அளவுக்குத் தென்மேற்குக் காற்று அடிக்கிற ஊர் என்பதால், அந்தப் பருவத்தில் 230 டிகிரிப் பக்கம் மூக்கை வைத்து இறங்குவதுதான் வசதி. கிழக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் சூலூர் விமானப்படைத் தளம். தேஜஸ் போர் விமானங்களின் இரண்டு ஸ்குவாட்ரன்கள் சில காலம் அங்கிருந்துதான் பறந்தன. வடமேற்கே கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நீலகிரி. 2021 டிசம்பர் 8ல் சூலூரிலிருந்து வெலிங்டன் போன விமானப்படை ஹெலிகாப்டர், ஜெனரல் பிபின் ராவத்தோடு, குன்னூர் அருகே மலைமேகத்தில் சிக்கி விழுந்ததை மறக்க முடியாது. எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததும், அதனால் விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதும் காரணம் என்று விசாரணை சொன்னது. அத்தனை பயிற்சி பெற்றவர்களுக்கே அந்தக் கதி என்றால், தரையைக் கண்ணால் பார்த்து ஓட்ட மட்டும் பழகிய 40 மணி நேரக்காரர் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால்?

அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். "மேகத்துக்குள் வந்துவிட்டேன், உதவி வேண்டும்" என்று உடனே சொல்வது. அவர் செய்யப் போவது என்ன? "சொன்னால் ரிப்போர்ட் எழுதுவார்களோ, லைசென்ஸ் போய்விடுமோ" என்று யோசிப்பது. ஒரு நிமிடம் யோசித்தாலும் அது அதிகம்.

கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் சின்னச் சின்ன மனத்தாங்கல்களும் தீரும். உதாரணத்துக்கு ஒன்று. சின்ன விமானம் இறங்க வரும்போது, "அப்படியே ஒரு வட்டம் அடி" என்று கண்ட்ரோலர் சொல்வார். பின்னால் வந்த ஏர்பஸ் முன்னால் இறங்கும். அமைச்சர் கார் வந்தால் டூவீலரை ஓரங்கட்டுகிற மாதிரி விமானிக்குத் தோன்றும். மேலே நின்று பார்த்தால் கணக்கு வேறு. செஸ்னா இறங்கும் வேகம் சுமார் 65 நாட், ஏ320 இறங்குவது 130, 140 நாட். முன்னால் செஸ்னாவை விட்டால் பின்னால் வரும் ஏர்பஸ் அதன் முதுகில் ஏறிவிடும். ஏர்பஸ்ஸை முன்னால் விட்டாலும், அதன் இறக்கை நுனியிலிருந்து கிளம்பும் சுழற்காற்று அடங்கும் வரை செஸ்னாவை இறக்கக் கூடாது. சர்வதேச விதிப்படி அதற்கு 3 நிமிடம் இடைவெளி. அந்தக் காற்றில் சின்ன விமானம் மாட்டினால் தலைகீழாகப் புரண்டுவிடும். அந்த வட்டம் அவமரியாதை இல்லை, உயிர் காப்பது. இதையெல்லாம் புத்தகத்திலும் படித்திருப்பார்கள்தான். ஆனால் கோபுரத்தில் நின்று, இரண்டு புள்ளிகள் எவ்வளவு வேகமாக நெருங்குகின்றன என்று பார்ப்பது வேறு.

இன்னொன்று விமானப்படையின் அனுமதி எண். வெளியூர் பறப்புக்கு இந்த எண் வாங்க வேண்டும், அது வரும் வரை எரிச்சலோடு காத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே சூலூர் இருக்கும் ஊரில் இந்த எண்ணுக்காக எத்தனை போன் பேச்சு நடக்கிறது என்று ஒருமுறை பார்த்தவர் அடுத்த முறை கொஞ்சம் முன்னதாகவே விண்ணப்பிப்பார்.

பார்க்க வேண்டிய இன்னொரு பொருள் ஒளித் துப்பாக்கி. ரேடியோ செத்துப்போனால் கோபுரத்திலிருந்து இதை விமானத்தை நோக்கிக் காட்டுவார்கள். பறந்துகொண்டிருப்பவருக்கு விடாமல் பச்சை எரிந்தால் இறங்கலாம், விடாமல் சிவப்பு எரிந்தால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு, சிவப்பு மினுக்கினால் நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. எல்லா விமானிகளும் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். ஆனால் பட்டப்பகல் வெயிலில் அந்த வெளிச்சம் எவ்வளவு சிறிதாகத் தெரியும், கோபுரத்தின் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது, பார்த்திராதவருக்கு எப்படித் தெரியும்?

எல்லாக் குறையையும் விமானி மேலேயே போடுவதும் நியாயம் அல்ல. பக்கத்து மாநிலத்துக் கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்களே, அதன் விசாரணை அறிக்கை 2021ல் வந்தது. நிலைப்படாத இறக்கத்தைக் கைவிடாமல், ஓடுபாதையின் பாதி தூரம் தாண்டி இறங்கியதுதான் முக்கியக் காரணம் என்று விமானி பக்கமே அது கை காட்டியது. ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னது. புறப்படக் காத்திருந்த வேறு ஒரு விமானத்துக்காகக் கோபுரம் அவசரமாக ஓடுபாதையின் திசையை மாற்றியதும், மழை ஈரத்தில் பின்காற்றோடு இறங்கப் போகிற விமானத்துக்கு அதனால் என்ன ஆகும் என்று உணராததும் துணைக் காரணங்களில் ஒன்று. யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதைச் சொல்லவில்லை. காக்பிட்டில் உட்கார்ந்து ஈர ஓடுபாதையில் பின்காற்றோடு இறங்கிப் பார்த்த ஒருவருக்கு, அந்த எண்கள் வெறும் எண்களாகத் தெரிந்திருக்காது. ஆகவே போக்குவரத்து இரண்டு பக்கமும் வேண்டும். விமானிகள் கோபுரத்துக்கு ஏறட்டும், கண்ட்ரோலர்களும் அவ்வப்போது ஒரு செஸ்னாவில் உட்கார்ந்து, தாங்கள் பேசும் வேகத்தைத் தாங்களே காதில் வாங்கட்டும்.

இதற்கு வரும் மறுப்புகள் தெரிந்தவைதான். முதலில் பாதுகாப்பு. கோபுரம் முக்கியமான இடம், கண்டவரை ஏற்ற முடியாது. சரிதான். ஆனால் கேட்பது கண்டவரை அல்ல. அரசாங்கமே மருத்துவம் பார்த்து, தேர்வு வைத்து, 'இவர் தனியாக வானத்தில் பறக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆளை. ஓடுபாதையில் விமானத்தையே ஓட்டவிடுகிற ஒருவரைப் படிக்கட்டில் ஏறவிட மாட்டோம் என்பது என்ன லாஜிக்? செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெயரை முன்கூட்டியே போலீஸ் விசாரணைக்கு அனுப்புங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

இரண்டாவது, கவனச் சிதறல். இது நியாயமான கவலை. விமானங்கள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் பத்துப் பேர் பின்னால் நின்று, "அது என்னங்க, இது என்னங்க" என்று கேட்டால் நடக்கக் கூடாதது நடந்துவிடும். ஆகவே டியூட்டியில் இருப்பவரிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது, டியூட்டி இல்லாத ஒருவர்தான் விளக்க வேண்டும். மும்பை மாதிரி கோவையில் நிமிடத்துக்கு ஒரு விமானம் வருவதில்லை. நடுவில் மூச்சு விடும் நேரங்கள் உண்டு.

மூன்றாவது, ஆள் பற்றாக்குறை. இதுதான் உண்மையான தடை. கண்ட்ரோலர் வேலைக்கு இயற்பியல், கணிதத்தோடு பி.எஸ்சி அல்லது பொறியியல் படித்திருக்க வேண்டும், போட்டித் தேர்வு, பிறகு பயிற்சி, பிறகு ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித் தகுதி. அப்படித் தயாரான ஆளின் ஓய்வு நேரத்தை விருந்தாளிகளுக்காகக் கேட்பது சங்கடம்தான். மாதம் ஒருமுறை முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தையும் டியூட்டி கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம். செலவு என்று பார்த்தால் ஒரு தட்டு போண்டாவும் டீயும்.

"கோவையில் அத்தனை பிரைவேட் பைலட்டுகள் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். பீளமேட்டில் ஃப்ளையிங் கிளப் விமானங்கள் சுற்றியதைப் பழைய ஆட்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இன்றைக்குக் கூட்டம் பெரிதல்ல. ஆனால் 2022ல் விமான நிலைய ஆணையம் பறப்புப் பள்ளிகளுக்காகத் தேர்ந்தெடுத்த ஐந்து நிலையங்களில் நம் பக்கத்து சேலம் ஒன்று. கற்றுக்குட்டிகள் கொங்கு வானத்தில் சுற்றப் போகிறார்கள் என்றால், முதல் தனிப் பறப்புக்கு முன்பே அவர்களைக் கோபுரத்துக்கு ஏற்றி இறக்கிவிடுவது நல்லது.

தொடங்குவதற்கு நாளும் தயாராகவே இருக்கிறது. அக்டோபர் 20 உலகம் முழுவதும் கண்ட்ரோலர்கள் தினம். அவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1961ல் தொடங்கிய நாள். அன்றைக்குக் கேக் வெட்டுவதோடு, எட்டு விமானிகளுக்கு ஒரு கடிதம் போடலாம். மதியம் வாருங்கள், அடையாள அட்டை கொண்டுவாருங்கள், செல்போனைக் கீழே கொடுத்துவிட்டு ஏறுங்கள் என்று. சித்ரா ஸ்டாப்பில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.